நாலாம் நம்பர் கட்டில்

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கணவர் திடுக்கிட்டு விழித்தார். புது மனைவி அவர் மார்பில் கையை வைத்துக்கொண்டு கண் இமைக்காமல் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் இதைக் காதல் என்று நினைத்துக் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தும்விட்டார்.

"நடுவுல நடுவுல மூச்ச நிறுத்திடுறீங்க. அப்புறம் நீங்களாவே திரும்ப ஆரம்பிக்கிறீங்க. உங்களுக்கு யாரு ஞாபகப்படுத்துறா?" என்று கேட்டார் மனைவி.

இந்த வீட்டில் இனிக் குறட்டைகூட நிம்மதியாக விட முடியாது என்று அன்றைக்கே அவருக்குப் புரிந்துவிட்டது. பாவம், பழகிக்கொண்டார்.

அந்த அம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைகள் வார்டு டாக்டர். வார்டில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஏன் டாக்டர்'. வைத்தது யார் என்று தெரியாது, ஆனால் பொருத்தமாக வைத்திருந்தார்கள். அலாரம் அடித்தால் மற்ற டாக்டர்கள் "என்ன ஆச்சு?" என்று ஓடிவருவார்கள். இவரும் ஓடிவருவார், செய்ய வேண்டியதைச் செய்வார், எல்லாம் அடங்கியபின் "ஏன் இப்ப?" என்பார். குழந்தை நன்றாக இருந்தால் அதற்கும் ஒரு ஏன். படிக்கிற காலத்தில் வாய்மொழித் தேர்வில், கேள்வி கேட்ட பேராசிரியரிடமே திருப்பிக் கேள்வி கேட்டு மார்க்கைப் பறிகொடுத்தவர். அதற்கப்புறமாவது திருந்தியிருக்கலாம். திருந்தவில்லை.

அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி ஒன்றுதான். பத்து மாதம் முடியும் முன்னே அவசரப்பட்டு வந்துவிடுகிற குழந்தைகளுக்கு ஒரு மறதி உண்டு. மூச்சு விட மறந்துபோகும். மூக்கில் அடைப்பு இருக்காது, தொண்டையில் எதுவும் சிக்கியிருக்காது. 'இழு, விடு' என்று உத்தரவு போட வேண்டிய மூளை இன்னும் அந்த வேலையை முழுசாகக் கற்றிருக்காது, அவ்வளவுதான். உதடு நீலமாகும், மானிட்டர் கத்தும், சிஸ்டர் ஓடிவந்து உள்ளங்காலைத் தேய்ப்பார். 'அட, அப்படி ஒரு வேலை இருக்கிறதல்லவா!' என்பதுபோலக் குழந்தை மறுபடி மூச்சை இழுக்கும். பெற்றவளுக்குத்தான் பாதி உயிர் போயிருக்கும்.

அந்தச் சில நொடி மறதியில் மூளைக்கு என்ன ஆகிறது? பின்னாளில் அந்தக் குழந்தை நடப்பதிலும் பேசுவதிலும் படிப்பதிலும் அது தெரியுமா? நுரையீரல்காரர்களிடம் கேட்டால் மூளைக்காரர்களைக் கேள் என்றார்கள். மூளைக்காரர்கள் நுரையீரல்காரர்களிடம் அனுப்பினார்கள். இரண்டு கட்சிக்கும் நடுவில், வார்டை ஒட்டித் துணிமணி போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் நம் டாக்டர். குழந்தையின் நெற்றியில் நாணயம் அளவுக்கு ஒரு பட்டையை ஒட்டுவார். அது மெல்லிய சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பி, மூளையில் ஓடும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும். குழந்தைகள் வீடு போன பிறகும் விடமாட்டார். பள்ளிக்கூடம் போகிற வயசு வரை வருஷா வருஷம் கூப்பிட்டு, கட்டை அடுக்கச் சொல்லி, கதை சொல்லச் சொல்லிப் பார்ப்பார்.

இந்த ஆராய்ச்சிக்குக் குறுக்கே வந்து நின்றதுதான் நாலாம் நம்பர் கட்டில்.

வார்டில் எட்டுக் கட்டில்கள். நாலாவது, மூலையில் சுவரை ஒட்டிக் கிடக்கும். அந்தக் கட்டிலில் படுக்கிற குழந்தைக்கு மட்டும் மூச்சு மறக்காது. ஒரு குழந்தை இரண்டு குழந்தை என்றால் தற்செயல் எனலாம். வருஷக்கணக்காக அப்படித்தான். மற்ற கட்டில்களில் அலாரம் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருக்க, நாலாம் நம்பர் வாயே திறக்காது. ராசியான கட்டில் என்று தாய்மார்களுக்குள் பேச்சு. போகிறபோக்கில் அதன் கம்பியைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கட்டில் காலியானால் தங்களுக்கே வேண்டும் என்று பெரிய சிஸ்டரைப் பிடுங்கி எடுப்பார்கள். பெரிய சிஸ்டர் வார்டின் தலைமை நர்ஸ். யாருக்கும் அசைந்து கொடுக்காத பெண்மணி.

நம் 'ஏன் டாக்டரு'க்கு ராசி என்ற வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். மானிட்டரை மாற்றினார். நெற்றிப் பட்டையை மாற்றினார். ஜன்னல் வெளிச்சமா என்று திரை போட்டார், ஏசி காற்றா என்று அட்டை வைத்து மறைத்தார். ஒரு தடவை கட்டிலையே தூக்கி வெளியே போட்டு வேறு கட்டில் கொண்டுவந்தார். அந்த மூலையில் தரை லேசாகச் சரிவு. சக்கரக் கட்டில் உருண்டுவிடும் என்று, மராமத்து ஆட்கள் புதுக் கட்டிலையும் பழையபடி சுவரில் இருந்த இரும்புப் பட்டையோடு இறுக்கி மாட்டிவிட்டுப் போனார்கள். புதுக் கட்டிலுக்கும் ராசி வந்துவிட்டது.

அவரோடு வேலை பார்த்த புள்ளிவிவரக்காரனை எல்லோரும் கணக்குப்பிள்ளை என்பார்கள். "மேடம், நாலாம் நம்பர் மொத்தக் கணக்கையும் கெடுக்குது. பேசாம தூக்கிடலாமா?" என்றான் அவன்.

"எல்லாம் ஒழுங்கா இருக்கிற எடத்துலதான்யா எனக்கு சந்தேகமே. அத ஏன் தூக்கச் சொல்ற?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

இப்படி இருக்கையில் டாக்டரின் தம்பி மனைவிக்கு நாள் ஆகும் முன்னே வலி கண்டது. தம்பி பர்னிச்சர் கடையில் விற்பனையாளன். நாற்காலியைக்கூட சிம்மாசனம் என்று நம்பவைத்து விற்றுவிடுகிறவன், அன்றைக்கு வாய் குழறி நின்றான். பிறந்தது பெண். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பார்த்தவுடன் அவன் வாயில் வந்த வார்த்தை 'பொட்டு'. அதுவே கூப்பிடுகிற பேராகிவிட்டது.

கண்டம் தாண்டி, குழாய்களெல்லாம் கழற்றி, பொட்டு இன்குபேட்டரிலிருந்து வார்டுக் கட்டிலுக்கு மாறுகிற நாள் வந்தது. தம்பி அக்காவின் துணிமணி அறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தான்.

"அக்கா, அந்த நாலாம் நம்பர்..."

"வெளிய போடா. படிச்சவன் மாதிரியா பேசுற?"

"சரி, ராசி கீசி ஒண்ணுமில்ல. ஆனா ஏன்னு உனக்கும் தெரியலதான? தெரியாத வரைக்கும் எம்பொண்ணு அதுலயே இருந்துட்டுப் போகட்டுமே."

டாக்டர் எழுந்தார். பெரிய சிஸ்டரிடம் போய், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். தன் சர்வீஸில் அவர் கேட்ட முதல் சிபாரிசு அதுதான். பெரிய சிஸ்டர் உடனே போய் நாலாம் நம்பர் விரிப்பை மாற்றினார். அது டாக்டரை நன்றாகவே குத்தியது.

பொட்டு நாலாம் நம்பரில் ராணி மாதிரி கிடந்தாள். அலாரம் ஒருமுறைகூட அடிக்கவில்லை. ஒரு வாரம் முழுக்க மூச்சு நிற்காமல் இருந்தால் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது வார்டு விதி. அந்த வாரமும் முடிந்தது. மறுநாள் டிஸ்சார்ஜ் என்று எழுதியாகிவிட்டது. தம்பி மனைவி புதுத் தொட்டிலுக்கு விரிப்பு தைத்து முடித்திருந்தாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

டிஸ்சார்ஜ் அன்று காலை பொட்டுவின் கண்ணைத் துடைப்பதற்காகப் பெரிய சிஸ்டர் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து கட்டிலின் தலைமாட்டுத் தட்டில் வைத்தார். டாக்டர் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார். கிண்ணத்துத் தண்ணீர் நடுங்கியது. சிறுசிறு வளையங்கள் கிண்ணத்தின் ஓரத்துக்குப் போய்த் திரும்பின. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. யாரும் கட்டிலைத் தொடவில்லை. மறுபடி நடுங்கியது.

"ஏன்?" என்றார் டாக்டர்.

"என்ன ஏன்?" என்றார் பெரிய சிஸ்டர். அதற்குள் டாக்டர் சுவரில் காதை வைத்துவிட்டார். மதிப்பான மனுஷி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்க, பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துத் தாய்மார்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு விறுவிறுவென்று வெளியே போய், நடைபாதையைச் சுற்றிக்கொண்டு சுவரின் அந்தப் பக்கம் நின்றார். அங்கே சாமான் லிஃப்ட். சாப்பாட்டு வண்டியும் அழுக்குத் துணி மூட்டையும் ராப்பகலாக ஏறி இறங்குகிற கிழட்டு லிஃப்ட்.

டிஸ்சார்ஜுக்குப் பை, கூடை எல்லாம் சுமந்துகொண்டு தம்பி சிரித்த முகமாக வந்துகொண்டிருந்தான். அக்கா அவன் கையைப் பிடித்து லிஃப்டுக்குள் தள்ளினார்.

"போனை ஆன்ல வை. மேல போ, கீழ போ. நகரும்போதும் சொல்லு, நிக்கும்போதும் சொல்லு."

சொல்லிவிட்டுத் தன் போனைக் காதில் வைத்தபடி நாலாம் நம்பருக்குத் திரும்பி ஓடினார். அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாலும் தம்பி சொன்னதைச் செய்தான். "நகருது" என்பான், இங்கே தண்ணீர் நடுங்கும். "நின்னுடுச்சு" என்பான், அடங்கும். லிஃப்ட்காரர் வேறு, "சார், இது மூட்டைக்கு வச்ச லிஃப்ட். உங்களுக்கு எத்தனாவது மாடிதான் வேணும்?" என்று கத்துவது போனில் கேட்டது. டாக்டர் குழந்தையின் மெத்தையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுவரிலிருந்து இரும்புப் பட்டைக்கு, பட்டையிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து மெத்தைக்கு ஒரு மெல்லிய நடுக்கம் வந்துகொண்டிருந்தது. தூக்கம் கலைக்காத அளவு, ஆனால் மறக்கவும் விடாத அளவு.

வார்டே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தார். துணிமணி அறைக்குப் போய், கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பழைய பதிவுகளைச் சுத்தம் செய்யாமல் அப்படியே எடுக்கச் சொன்னார். மெஷின் பதிவில் வருகிற சின்னச் சின்ன அதிர்வுகளைக் கசடு என்று நீக்கிவிட்டுத்தான் இத்தனை வருஷமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது பார்த்தால் நாலாம் நம்பர் பதிவு முழுக்க அந்தக் கசடுதான். மூச்சு மெலிந்துகொண்டே வரும். கசடு வரும். மூச்சு நிமிர்ந்துகொள்ளும். தேடிய பதிலைத் தாங்களே கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போட்டிருந்தார்கள்.

"மேடம், இது பெரிய விஷயம்!" என்று கணக்குப்பிள்ளை குதித்தான்.

பெரிய விஷயம்தான். டாக்டருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் அறை வாசல் வரைக்கும்கூட வரவில்லை. அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வார்டில் பொட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் ஒரு வாரம் மறக்காமல் மூச்சு விட்டாளா, இல்லை லிஃப்ட் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்ததா? தம்பி வீடு தரைத்தளம். அங்கே லிஃப்ட் ஏது?

பெரிய சிஸ்டரின் முகமும் மாறியிருந்தது. "டாக்டர், நாலாம் நம்பர்ல இருந்து வீட்டுக்குப் போன ரெண்டு குழந்தைங்க சில நாள்லயே நீலமா திரும்பி ஓடிவந்துச்சே, ஞாபகம் இருக்கா? பொழச்சதும் கட்டிலோட ராசின்னாங்க."

இருந்தது.

தம்பி மனைவி அமைதியான பெண். காரணத்தைச் சொல்லி டிஸ்சார்ஜைத் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொன்னதும் அவள் போட்ட சத்தத்தில் வார்டே அடங்கிப்போனது. "ராசிக் கட்டில்னு நீங்கதான அண்ணி வாங்கிக் குடுத்தீங்க? இப்ப நல்லா இருக்கிறதே தப்புங்கறீங்களா? ஒரு வாரமா ஒரு தடவகூட நிக்கல. உங்க விதிப்படி நாங்க போலாம். உங்க ஆராய்ச்சிக்கு எம்புள்ளதான் கெடச்சுதா?"

"அவ சொல்றதுல என்னக்கா தப்பு?" என்றான் தம்பி. மேலும் கீழும் போய் வந்த களைப்பு அவன் முகத்தில் இன்னும் இருந்தது. என்ன காரணத்துக்காக அக்கா தன்னை லிஃப்டில் ஏற்றினார் என்று இப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார் டாக்டர். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர். "கேள்வி கேக்குறதுதான் எம்பொழப்பு. இந்தக் கட்டில கேட்டு வாங்கின அன்னிக்கு மட்டும் நான் எதுவும் கேக்கல. நம்ம புள்ளையாச்சேன்னு கண்ண மூடிக்கிட்டேன். இப்ப எனக்குப் பயமா இருக்கும்மா. ஆராய்ச்சி கெடக்கட்டும், தூக்கிப் போட்டுடுறேன். ஏழாம் நம்பர் கட்டில் அந்தச் சுவத்துலேருந்து தள்ளி இருக்கு. அதுல ஒரே ஒரு நாள் வச்சுப் பாப்போம். நல்லா இருந்தா நானே தூக்கிட்டு வந்து வீட்ல விட்டுடுறேன்."

தம்பி மனைவி பொட்டுவைத் தூக்கினாள், ஏழாம் நம்பரில் கிடத்தினாள், பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாலாம் நம்பரைப் போல ஏழாம் நம்பரும் வாயைத் திறக்கவில்லை. மதியச் சாப்பாட்டு வண்டி போனது. பார்வையாளர்கள் வந்து போனார்கள். பொட்டு பால் குடித்தாள், கொட்டாவி விட்டாள், தூங்கினாள். தம்பி மனைவி டாக்டரை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டருக்கு அந்தப் பார்வை பிடித்திருந்தது. தன் கண்டுபிடிப்பு பொய்யாகிவிடட்டும், ஊர் சிரிக்கட்டும், இந்தப் பெண் ஆயுசுக்கும் தன்னைக் குத்திக்காட்டட்டும் என்று அவர் உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாக வேண்டிக்கொள்வது நேர்மாறாகத்தான்.

வெயில் தாழ்கிற நேரத்தில் மானிட்டர் கத்தியது.

பெரிய சிஸ்டர் வார்டின் அந்தக் கோடியில் இருந்தார். டாக்டர் எழுந்துவிட்டார், ஆனால் அவருக்கு முன்னால் ஒரு கை போய்விட்டது. தம்பி மனைவி போர்வையை விலக்கிப் பொட்டுவின் உள்ளங்காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உதடு கறுத்துக்கொண்டு வந்தது. "எழுந்திருடி, எழுந்திருடி, எழுந்திருடி" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை இல்லை. பொட்டு முகத்தைச் சுளித்தாள், ஒரு பெருமூச்சை இழுத்தாள், பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுப் பெரிய சிஸ்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படி ஒரு காட்சியை வார்டு அதற்குமுன் கண்டதில்லை.

பொட்டு மறுபடி தூங்கிய பிறகு தம்பி மனைவி சொன்னாள்: "வீட்ல ஆகியிருந்தா அண்ணி, அந்த நேரத்துல நான் சமையக்கட்டுல இருந்திருப்பேன்."

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாலாம் நம்பர் கட்டிலைச் சுவரிலிருந்து கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்கள். லிஃப்ட் செய்த வேலையைச் செய்கிற மாதிரி, லேசாக அதிரும் மெத்தை ஒன்றை டாக்டர் செய்யவைத்தார். முதல் மெத்தை குழந்தையை அல்ல, கட்டிலையே நகர்த்தியது. மாநாட்டில் 'லிஃப்ட் டாக்டர்' என்று கிண்டல் செய்தவர்கள், மற்ற ஆஸ்பத்திரிகளிலும் சோதித்துப் பார்த்தபிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மூச்சு நிற்பது குறைந்த குழந்தைகளின் மூளையில் ஆக்சிஜன் சரிவும் குறைந்ததை நெற்றிப் பட்டை காட்டியது. டாக்டரைக் கேட்டால் மெத்தை பற்றி அதிகம் பேசமாட்டார். வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொரு குழந்தையும் அசையாத கட்டிலில், யாரும் ஞாபகப்படுத்தாமல், அந்த ஒரு வாரத்தைக் கழித்தாக வேண்டும் என்று வார்டு விதியில் ஒரு வரி சேர்த்தாரே, அதைத்தான் சொல்வார். அந்த ஒரு வரிக்காக அவர் எத்தனை பேரோடு மல்லுக்கட்டினார் என்பது தனிக் கதை. ஒன்று மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. பொட்டு பிழைத்த கதை பரவி, தாய்மார்கள் இப்போது ஏழாம் நம்பரைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

பொட்டு வீட்டுக்குப் போன நாளைச் சொல்லாமல் முடித்தால் சரியாக இருக்காது.

அசையாத கட்டிலில் முழு வாரம் சுத்தமாகக் கழிந்திருந்தது. கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது. டாக்டர் தானே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். தம்பி மனைவி பையை மூடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறோமே, அண்ணி."

"ஏன்?"

"தெரியல. சும்மா பாக்கலாம்னு." அவள் கண் கலங்கியிருந்தது. "இங்கன்னா மெஷின் கத்தும். வீட்ல யாரு கத்துவா?"

இதற்கு ஒரு நீண்ட பதில் டாக்டரிடம் இருந்தது. பதிவு, ஆக்சிஜன், மூளை வளர்ச்சி எல்லாம் அடங்கிய பதில். அதையெல்லாம் விட்டுவிட்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அவ ரெடியாயிட்டா. நாமதான் இன்னும் ஆகல" என்றார்.

தம்பி பிடித்த பிடியாக, சாமான் லிஃப்டில்தான் போக வேண்டும் என்றான். "எம்பொண்ணுக்கு இத்தன நாள் தாலாட்டுன லிஃப்ட்டு, அக்கா. சொல்லிக்காம போகக்கூடாது." லிஃப்ட்காரர் அவனைப் பார்த்ததும், "மறுபடியும் நீங்களா?" என்று அலுத்துக்கொண்டார். குழந்தையைப் பார்த்ததும் மூட்டைகளை ஓரமாகத் தள்ளி இடம் விட்டார்.

கதவு சாத்திக்கொண்டது. கிழட்டு லிஃப்ட் உறுமிக்கொண்டு கிளம்பியது. தரை நடுங்கியது, சுவர் நடுங்கியது, கூடையில் இருந்த பால் புட்டிகள் கிணுகிணுத்தன. அம்மாவின் தோளில் பொட்டு சொகுசாகத் தூங்கினாள். கீழ்த்தளம் வந்தது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நடுக்கமும் நின்றது.

யாரும் கதவைத் திறக்கவில்லை. தம்பி, தம்பி மனைவி, டாக்டர், எதற்கென்று தெரியாமலே லிஃப்ட்காரர், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பொட்டு ஒருத்திதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.